இரண்டாம் படி

ஜனவரி 8

சின்னவளுக்கு,

அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை வந்திருந்தால் மீதியையும் படித்துவிடு. தொலைபேசியில் என் குரலைக் கேட்டால் வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம்.

உன் அண்ணனுக்கு வலது பக்கம் இன்னும் அசையவில்லை. பக்கவாதம் என்று தெரிந்தும் ஒரு நடை வந்து பார்க்கவில்லையே என்று கேட்பதற்காக எழுதவில்லை, பயப்படாதே. பேச்சு குழறிப் போய்விட்டது. நாம் ஒன்று கேட்டால் அவர் ஒன்று சொல்கிறார், இரண்டுக்கும் நடுவில் ஆறு ஓடுகிறது. பாப்பாவுக்கு மட்டும்தான் அவர் பேசுவது புரிகிறது. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு அப்பாவின் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

போன மாதம் மாசு வாரியத்து ஆட்கள் வந்து பட்டறைக்குச் சீல் வைத்துவிட்டுப் போனார்கள். நம் வாய்க்கால் தண்ணீர் கீழே இருக்கிற மீன் பண்ணைக் குளத்தில் கலந்து, ஒரே காலையில் குளம் முழுக்க மீன் வயிற்றைக் காட்டி மிதந்திருக்கிறது. ஆசிட்டும் காஸ்டிக்கும் இல்லாமல் இறால் ஓட்டைச் சுத்தம் செய்து கைட்டின் எடுத்துக் காட்டினால்தான் இனி கதவு திறக்குமாம். சீல் வைத்த அன்று வந்து இறங்கிய ஓடு அப்படியே முற்றத்தில் கிடக்கிறது. தெருக்கோடி வரை மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

அந்த அதிகாரிதான் கேட்டார். "கிருமியை விட்டுச் சுத்தம் பண்ற அம்மா உங்க வீட்டுக்காரரோட தங்கச்சியாமே. வீட்டுலயே ஆளை வெச்சுக்கிட்டு ஏன் இப்படி?" எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பழசை மனதில் வைக்காதே. நீரடித்து நீர் விலகுமா? முறையை எழுதி அனுப்பு.

அண்ணி

*

ஜனவரி 19

அண்ணிக்கு வணக்கம்.

பழசை நான் மனதில் வைத்திருக்கவில்லை. அது கண்ணிலேயே நிற்கிறது. கொட்டகையின் மேற்குச் சுவரோரம் வரிசையாகத் தொட்டிகள். அரைத்த ஓடு, சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு, நான் வளர்த்த கிருமி உறை. புளித்து நுரை கட்ட ஆரம்பித்திருந்தது. நீங்கள் வந்து மேஸ்திரியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் வாய்க்காலில் கவிழ்க்கச் சொன்னீர்கள். கவிழ்த்து முடித்ததும் ஆட்கள் காது கேட்க ஒன்று சொன்னீர்கள். "புருஷன் வாய்க்காத குறைக்கு இறால் தோலுக்குத் தாலாட்டுப் பாடுறா."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். கொடுத்து முடித்த பிறகும் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

முறைக்கு இரண்டு படிகள். ஓட்டில் இருப்பது மூன்று சரக்கு: சுண்ணாம்பு, மாமிசச் சத்து, கைட்டின் என்கிற நார். நமக்கு வேண்டியது மூன்றாவது. நீங்கள் ஆசிட்டை ஊற்றிச் சுண்ணாம்பைக் கரைத்தீர்கள், காஸ்டிக்கில் வேகவைத்துச் சத்தை உருக்கினீர்கள். முதல் வேலையைத் தயிரைப் புளிக்க வைக்கிற வகைக் கிருமி செய்யும். அதற்கு உறை வேண்டும். உறை என்னிடம் இருக்கிறது.

அன்று சிரித்தவர்களை அதே இடத்துக்குக் கூப்பிடுங்கள். அன்று சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் சொல்லிவிட்டு, அது தப்பு என்று சொல்லுங்கள். சொன்னீர்கள் என்று பாப்பா எனக்கு ஒரு வரி எழுதட்டும். அதன் பிறகு உறை வரும்.

தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். பேசியதை இல்லை என்று சொல்லிவிடலாம்.

தங்கள் நாத்தனார்

*

பிப்ரவரி 2

சின்னவளுக்கு,

சொல்லிவிட்டேன். பாப்பாவின் வரி இதற்குள்ளேயே இருக்கிறது.

ஆட்களை வீடு வீடாகப் போய்க் கூட்டிவந்தேன். கொட்டகை பூட்டியிருந்ததால் வெளியே, மேற்குச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றோம். சம்பளம் தரத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து வந்திருந்தார்கள். நான் ஆரம்பித்ததும் மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, "போதும்மா, விடுங்க, யாருக்கு ஞாபகம் இருக்கு" என்றான். முழுசாகச் சொல்லணும் என்று எழுதியிருக்கிறாள் என்றேன். சொன்னேன். இந்தத் தடவையும் ஒருத்தி சிரித்துவிட்டாள். யாரை நினைத்துச் சிரித்தாள் என்று தெரியவில்லை.

பாப்பாவுக்கு அதுவரை இந்தக் கதை தெரியாது. நீ கோபித்துக்கொண்டு போய்விட்டாய் என்று மட்டும்தான் சொல்லி வைத்திருந்தோம். அன்று சாயங்காலம் அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டாள். "நிஜமாவே அத்தையை அப்படிச் சொன்னியாம்மா?" ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு நான் பரிமாறினால் சாப்பிடுவதில்லை, தானே போட்டுக்கொள்கிறாள். உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

வீட்டுப் பின்கட்டில் டிரம் வாங்கி வைத்திருக்கிறேன். முதலில் சின்ன அளவில் செய்து காட்டினால் போதும் என்கிறார் அதிகாரி. உறையை அனுப்பு.

அண்ணி

*

பிப்ரவரி 11

அண்ணிக்கு வணக்கம்.

உறை பஞ்சில் சுற்றிய குப்பியில் வருகிறது. வந்த அன்றே பயன்படுத்துங்கள்.

ஓட்டை நன்றாக அலசி நொறுக்கிக்கொள்ளுங்கள். பாகைத் தண்ணீரில் கரைத்து ஓடு மூழ்கும்படி ஊற்றி, உறையைக் கலந்து மூடி வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம். சுண்ணாம்பு கரையும்போது காற்று கிளம்பும், இறுக்கினால் டிரம் வெடிக்கும். புளித்த வாடைதான் வர வேண்டும். அழுகிய வாடை வந்தால் பாகு போதவில்லை. நாளுக்கு ஒருமுறை ஒரு துண்டை எடுத்து வளைத்துப் பாருங்கள். ஒடிந்தால் காத்திருங்கள். காகிதம்போல வளைந்தால் சுண்ணாம்பு போய்விட்டது.

ஆசிட் சில மணி நேரத்தில் செய்வதை இது ஒரு வாரத்தில் செய்யும். உங்களுக்குப் பொறுமை கிடையாது என்று தெரியும். கிருமிக்கு அது தெரியாது.

இதோடு பாதி வேலைதான். சத்து ஓட்டோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பிரிக்க இன்னொரு கிருமி, இன்னொரு பக்குவம். அதுதான் இரண்டாம் படி.

அதற்குப் பாப்பாவை இங்கே அனுப்பிவையுங்கள். என்னோடு இருக்கட்டும். இங்கே கல்லூரியில் சேர்க்கிறேன். எத்தனை நாளைக்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நாள் கணக்கு நான் சொல்லவில்லை.

தங்கள் நாத்தனார்

*

மார்ச் 1

சின்னவளுக்கு,

ஓடு வளைந்தது. உன்மேல் எவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்தாலும் அதைச் சொல்லியாக வேண்டும். விரலில் சுற்றினால் சுற்றிக்கொள்கிறது. கையில் எரிச்சல் இல்லை, கண்ணில் தண்ணீர் இல்லை. இத்தனை வருஷம் காஸ்டிக் ஆவியில் நின்றேனே, இப்படியும் ஒரு வழி இருந்ததா என்று டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதிகாரி வந்து பார்த்தார். பாதிக் கிணறு தாண்டியிருக்கிறீர்கள் என்றார். மீதியைத் தாண்டாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அது ஊருக்கே தெரியும்.

ஆனால் நீ கேட்பதைக் கொடுக்க முடியாது. உன் அண்ணனைப் புரட்டிப் போடுகிறவள் அவள். சவரம் செய்துவிடுகிறவள் அவள். அவர் வாயைக் கோணி ஏதோ சொல்வார், அவள் "சரிப்பா" என்று எழுந்து போய்ச் சரியாக அதைக் கொண்டுவருவாள். நான் இருபது வருஷம் குடித்தனம் செய்தவள், பக்கத்தில் மரம்போல நிற்பேன். அவள் போய்விட்டால் அவருக்கு நாக்கு போய்விடும்.

வேறு எது வேண்டுமானாலும் கேள். வீட்டைக் கேள், எழுதித் தருகிறேன். நீ இருக்கிற இடத்துக்கு வந்து உன் வாசலில் எல்லோர் எதிரிலும் இன்னொரு தடவை சொல்லச் சொல், சொல்கிறேன். ஒரு தாயிடம் பிள்ளையைக் கேட்கலாமா? பெற்றிருந்தால் தெரிந்திருக்கும்.

அண்ணி

*

மார்ச் 8

அண்ணிக்கு வணக்கம்.

பெற்றிருந்தால் தெரிந்திருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். பெறவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

இங்கே வரும் ரயில் தினமும் காலையில் உங்கள் ஊரிலிருந்து கிளம்புகிறது.

தங்கள் நாத்தனார்

*

மார்ச் 17

சின்னவளுக்கு,

நாளை அனுப்புகிறேன். இந்தக் கடிதம் அவளுக்குப் பின்னால் வந்து சேரும்.

ஆட்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போகிறார்கள். மேஸ்திரியும் ஐஸ் பேக்டரியில் கேட்டு வைத்திருக்கிறானாம். பட்டறை போனால் உன் அண்ணனின் மருந்துக்கு வழி இல்லை. இதை நான் எனக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

பாப்பாவிடம் அத்தை உன்னைப் படிக்க வைக்க ஆசைப்படுகிறாள், கொஞ்ச நாளில் வந்துவிடலாம் என்று சொன்னேன். அவள் என்னை நம்பவில்லை. ஆனால் போக மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அப்பாவிடம் எப்படிக் கேட்பது, எப்படித் தூக்குவது, எந்தப் பக்கம் சாய்த்து ஊட்டினால் புரையேறாது என்று எனக்குச் செய்து காட்டினாள். ஒரு வேலைக்காரிக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

பெட்டியை எடுத்துக்கொண்டு விடைபெறுவதுபோல இன்றைக்கே ஒத்திகை பார்த்தோம், அவர் பழகிக்கொள்ளட்டும் என்று. பழகவில்லை. இடது கையால் அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன். நாளைக்கும் நான்தான் பிரிக்க வேண்டும்.

அவளுக்கு ராத்திரியில் கால் வலிக்கும். ஈரத் தரையில் நிற்க விடாதே.

அண்ணி

*

ஏப்ரல் 3

அண்ணிக்கு வணக்கம்.

பாப்பா நலம். கல்லூரியில் இடம் கேட்டிருக்கிறேன். பகலில் என்னோடு ஆய்வுக்கூடத்துக்கு வருகிறாள். ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், ஈரம் படாது.

வாக்குப்படி இரண்டாம் படி. முதல் படியில் வந்த ஓட்டை அலசிப் புளிப்பைப் போக்குங்கள். இத்துடன் வரும் இரண்டாவது குப்பி, மாமிசச் சத்தைத் தின்னும் கிருமி. இளம் வெந்நீரில் கலந்து, கை பொறுக்கிற சூடு குறையாமல் பார்த்துக்கொண்டு, அடிக்கடி கிளறுங்கள். சத்து கரைந்து தண்ணீரில் இறங்கும். அந்தத் தண்ணீரை வாய்க்காலில் விட வேண்டாம். முதல் படித் தண்ணீரையும்தான். இரண்டும் செடிக்கு உரம், வேண்டியவர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள். மிச்சமான ஓட்டை அலசி வெயிலில் பரப்புங்கள். ரோஜா நிறம் வெயிலில் தானாகவே போகும், பிளீச்சிங் பவுடர் தேவையில்லை. கடைசியில் நிற்பது கைட்டின்.

வந்த புதிதில் பாப்பா என்னுடைய தொட்டி ஒன்றைக் கைதவறிக் கொட்டிவிட்டாள். ஒரு மாத வேலை. எனக்குக் கோபம் வரவில்லை. வராததை நினைத்து நானே ஆச்சரியப்பட்டேன். அன்றைக்கு இரண்டு பேருமாகச் சேர்ந்து தரையைத் துடைத்தோம். வீட்டில் இரண்டாவது தட்டு வைத்துச் சாப்பிட்டு எத்தனை காலமாயிற்று என்று தெரியவில்லை.

அண்ணன் எப்படி இருக்கிறார் என்று அவள் கேட்கச் சொன்னாள்.

தங்கள் நாத்தனார்

*

மே 10

சின்னவளுக்கு,

வெள்ளை வந்துவிட்டது. மாடி முழுக்கப் பாய் விரித்துக் காயப் போட்டோம். காற்றில் பறக்கிறது, அவ்வளவு லேசு. அதிகாரி ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தார், வாடையே இல்லை. காயத்துக்குப் போடுகிற மருந்துப் பட்டி செய்கிற கம்பெனிக்காரர்கள் சாம்பிள் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். போன வாரம் பட்டறைக்கு வைத்த சீலை எடுத்தார்கள். மேஸ்திரி கொட்டகைக் கதவைத் திறந்ததும் ஆட்கள் மேற்குச் சுவரோரம்தான் முதல் தொட்டியை வைத்தார்கள். நான் சொல்லவில்லை, அவர்களாகவே வைத்தார்கள்.

இனி உன் அண்ணன். பாப்பா போன நாளிலிருந்து ஒரே சத்தம்தான் போடுகிறார். "ன்ன… ன்ன…" என்று. தண்ணியோ என்று தம்ளரை நீட்டினேன், தலையைத் திருப்பிக்கொண்டார். ஜன்னலோ என்று திறந்தேன், மூடினேன், திறந்தேன். என்னைப் பொன்னு என்றுதான் கூப்பிடுவார், அதுவோ என்று முகத்துக்கு நேரே போய் நின்றேன். இன்னும் கத்தினார். உன்னைச் சின்னவள் என்பாரே, அதுவாகவும் இருக்கலாம். கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். ஆமாம் என்று மூடினாரா, போ என்று மூடினாரா?

இப்போது சாப்பிட வாயைத் திறப்பதில்லை. ஒரு வாரத்துக்காவது பாப்பாவை அனுப்பு. வந்து அவர் என்ன சொல்கிறார் என்று மட்டும் கேட்டுச் சொல்லிவிட்டு உன்னிடமே திரும்பி வரட்டும். நான் பிடித்து வைக்க மாட்டேன்.

பொன்னு அண்ணி

*

ஜூன் 1

அவர் போய்விட்டார். எடுத்தும் ஆயிற்று.

தந்தி அடித்தேனே. "நிலைமை மோசம், பாப்பாவை அனுப்பு" என்று. மறுநாளும் அடித்தேன். ஒவ்வொரு ரயிலுக்கும் மேஸ்திரி ஸ்டேஷனுக்குப் போய் நின்றான். கடைசி நாள் சத்தம் தேய்ந்து மூச்சோடு மூச்சாக அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் காதை வாயோடு வைத்துக் கேட்டேன். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள், எனக்கு அது வெறும் காற்றாகத்தான் கேட்டது. சரி சரி என்று சொன்னேன். பாப்பா சொல்கிற மாதிரியே சொல்லிப் பார்த்தேன். ஏமாறவில்லை.

நான் உன் தொட்டியைத்தான் கவிழ்த்தேன். நீ என் வீட்டையே கவிழ்த்துவிட்டாய். நாக்கைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஒரு மனுஷனைச் சாகவிட்டாயே, அவன் உன் கூடப் பிறந்தவன். உன் கிருமிக்குக்கூட எதைத் தின்பது, எதை விடுவது என்று தெரிகிறது.

என் பெண்ணை அனுப்பு.

*

ஜூன் 9

அண்ணிக்கு.

தந்திகள் வந்தன. மேசை இழுப்பறையில் வைத்தேன். பாப்பாவிடம் காட்டவில்லை.

காரணம் உங்களுக்கே தெரியும். முன்பு ஒருமுறையும் "அண்ணன் கவலைக்கிடம்" என்று தந்தி வந்தது. இரவெல்லாம் நின்றுகொண்டே பயணம் செய்து வந்தேன். அண்ணன் முற்றத்தில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். நீங்கள் உள்ளேயிருந்து எங்கள் அப்பாவின் நிலப் பத்திரத்தைக் கொண்டுவந்து கையெழுத்துக்கு நீட்டினீர்கள். இரண்டாம் படி கைக்கு வந்துவிட்டது, இனி பெண்ணைத் திரும்ப வாங்கப் பார்க்கிறார்கள் என்றுதான் இந்தத் தடவை நினைத்தேன். அப்படி நினைக்க எனக்குக் கற்றுக் கொடுத்தது நீங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று அவளிடம் சொன்னேன். தந்திகளையும் கொடுத்தேன். அவள் அழவில்லை. தேதியைப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பழைய ஆய்விதழை எடுத்து என் முன்னால் போட்டாள். அதை எப்போது கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை.

அது என்ன என்று உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், அவள் வாயால் கேட்பதைவிட இது மேல். இரண்டு படிகளையும் நான் முன்பே எழுதி அச்சில் வெளியிட்டுவிட்டேன். காப்புரிமை வாங்கவில்லை. யாரும் செய்துகொள்ளலாம் என்றுதான் போட்டிருக்கிறது. எந்தப் பெரிய நூலகத்திலும் கிடைக்கும். குப்பிகளைக்கூட எங்கள் ஆய்வு நிலையத்துக்கு ஒரு கார்டு போட்டால் யாருக்கும் அனுப்புவார்கள். நீங்கள் ஆட்களைக் கூட்டிச் சொன்னதற்கும், அவள் இங்கே வந்ததற்கும் எந்த அவசியமும் இருக்கவில்லை. வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் சும்மா கிடைத்திருக்கும். நீங்கள் என்னிடம் கேட்டீர்கள்.

பாப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்ப எதுக்கு அத்தை என்னைக் கேட்டீங்க?"

வீட்டில் இரண்டாவது தட்டு என்று அவளிடம் சொல்ல முடியுமா? அவள் ரப்பர் பூட்ஸைக் கழற்றி வாசலில் ஜோடியாக வைத்துவிட்டுப் போனாள். நான் ஸ்டேஷன் வரை பின்னாலேயே ஓடினேன். கூட்டத்தில் எந்தப் பெட்டியில் ஏறினாள் என்று பார்க்க முடியவில்லை.

வந்து சேர்ந்தாளா என்று மட்டும் எழுதுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அண்ணன் சொன்னது என்ன என்று அவளுக்குத் தெரிந்தால் அதையும்.

*

ஜூன் 24

சின்னவளுக்கு,

வந்துவிட்டாள். உன்னைச் சில நாள் தவிக்கவிடலாம் என்று பேனாவை எடுக்காமல் இருந்தேன். இப்போது எழுதுவதும் உன்மேல் இரக்கப்பட்டு இல்லை.

வந்தவள் நேரே அப்பாவின் அறைக்குப் போனாள். கட்டிலை மடித்துச் சுவரில் சாய்த்திருந்தோம். அதை விரித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. நான் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். அடிப்பாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள், "கடைசியா என்ன சொன்னாரு?" என்றாள்.

எனக்கு எங்கே தெரியும் என்றேன்.

"சத்தத்தைச் சொல்லு. அவர் சொன்ன மாதிரியே சொல்லு."

சொன்னேன். வாயைக் கோணிக்கொண்டு, மூச்சை இழுத்து, அவர் எப்படி எப்படி இழுத்தாரோ அப்படியே செய்தேன். வெட்கமாக இருந்தது. இன்னொரு தடவை என்றாள். செய்தேன். தேயத் தேயச் செய்யச் சொன்னாள், கடைசி நாளில் செய்ததுபோல. அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். மெதுவாக முகம் மாறியது. அப்பா பக்கத்தில் இருந்து ஏதோ கேட்டதுபோலத் தலையை ஆட்டி, "சரிப்பா" என்றாள்.

புரிந்துவிட்டது அவளுக்கு.

என்னடி சொன்னார் என்று கேட்டேன். காலைப் பிடித்தேன். சின்னவளே, நிஜமாகவே பிடித்தேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

"உனக்கும் சொல்ல மாட்டேன். அத்தைக்கும் சொல்ல மாட்டேன்."

மறுநாளிலிருந்து பட்டறைக்குப் போகிறாள். தொட்டிகள் அவள் பொறுப்பு. ஆட்கள் அவளைத்தான் கேட்கிறார்கள், என்னைக் கேட்பதில்லை. வெள்ளை மூட்டை மூட்டையாகப் போகிறது, கீழே குளத்தில் புதிதாக மீன் குஞ்சு விட்டிருக்கிறார்கள். என்னோடு பேசுகிறாள், பேசாமல் இல்லை. பாகு தீர்ந்துவிட்டது, சாவி எங்கே, மழை வரும்போல, பாயைச் சுருட்டு. அதற்கு மேல் ஒன்றுமில்லை. உன் கடிதங்களைக் கொடுத்தேன். மடிப்பைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் கேட்டது தண்ணியாக இருக்கலாம். ஜன்னலாக இருக்கலாம். நானாக இருக்கலாம், நீயாக இருக்கலாம். அவளுக்குத் தெரியும். அவள் சொல்லப்போவதில்லை.

அண்ணி